கில்காமேஷ் காவியத்தை எப்படி வாசிப்பது

பண்டைய மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) இந்தக் காவியம் 12 களிமண் பலகைகளில் உள்ளது. முதல் 11 பலகைகளை வரிசையாகப் படியுங்கள். 12ஆவது பின்னிணைப்பு மாதிரி. 7ஆம் பலகையில் இறந்த என்கிடு (கில்காமேஷின் நண்பன்) அதில் உயிரோடு வருவதால் குழப்பம்தான் மிஞ்சும். வெள்ளக் கதைக்காக நேரே 11க்குத் தாவினால், கில்காமேஷ் ஏன் சாவுக்கு அஞ்சி அலைகிறான் என்பது பிடிபடாது. சதுர அடைப்புக்குள் வருபவை, உடைந்த இடத்தில் அறிஞர்கள் ஊகித்து நிரப்பியவை. அவற்றை நம்பிப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள்.

11இல் ரொட்டிகளைக் கவனியுங்கள். வெள்ளத்தில் தப்பிச் சாகாவரம் பெற்ற உத்னபிஷ்திமிடம் அதே வரம் தேடி வருகிறான் கில்காமேஷ். அவர் வைத்த சோதனைப்படி ஆறு பகல் ஏழு இரவு விழித்திருக்க வேண்டியவன், உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறான். உத்னபிஷ்திமின் மனைவி நாளுக்கொன்றாகச் சுட்டுத் தலைமாட்டில் வைக்கிறாள். முதலாவது காய்ந்து இறுகிவிட்டது. ஏழாவது இன்னும் தணலில். சாக்குச் சொல்ல வழியில்லை! மனிதனால் தூக்கத்தையே வெல்ல முடியாது என்பதைத் தொன்மம் இப்படித்தான் காட்டுகிறது, உபதேசமாக அல்ல.

முடித்ததும் முதல் பலகைக்குத் திரும்புங்கள். 11இன் இறுதியில் வரும், கில்காமேஷின் நகரமான உருக்கின் மதிலைப் பற்றிய அதே வரிகள் அங்கும் இருக்கும்.