டப்பா மேல இருக்கற பேரை நம்பி கிராபிக்ஸ் கார்டு வாங்காதீங்க

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போட்டோ அனுப்பியிருந்தான், "அண்ணா கார்டு வந்துருச்சு, 5060 டிஐ"ன்னு, என்விடியா கம்பெனியோட கிராபிக்ஸ் கார்டு அது. எத்தனை ஜிபின்னு கேட்டேன். "அதான்ணா, 5060 டிஐ"ங்கறான். டப்பாவைத் திருப்பிப் பாருடான்னு சொன்னேன், பாத்தா மெமரி 8ஜிபி. அவன் ரெண்டு மாசமா உக்காந்து பாத்த ரிவ்யூ வீடியோ அத்தனையும் 16ஜிபி கார்டுக்கு. திட்டலாம்னு வாயெடுத்தேன், வரல, ஏன்னா இதைவிட மோசமா ஏமாந்தவன் நான்.

பவர் சப்ளை பத்துமா, கேபினட்ல நுழையுமா, மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகிட்டு கார்டு ஓடலைன்னு அழறது, இதெல்லாம் இங்க எழுதப்போறதில்ல. அது ஒரு தடவை பட்டா தானா புரிஞ்சிரும். பேரு விஷயம் அப்படி இல்ல, பட்டாலும் பட்டோம்னே தெரியாது, கார்டு நல்லாத்தான் ஓடும், நம்ம கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டு இருப்போம்.

ஒரே பேருன்னா ஒரே கார்டுன்னு நினைக்கறது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் அடங்காத தப்பு இதுதான்.

நண்பன் ஒரு கார்டு வாங்கியிருந்தான், விலை கம்மி, அவன் ஆடுற கேமெல்லாம் அழகா ஓடுச்சு. அதே பேர்ல நானும் ஒண்ணு வாங்குனேன், அவனைவிட கொஞ்சம் சல்லிசா வேற கிடைச்சுது, அதுல ஒரு பெருமை. வீட்டுக்கு வந்து மாட்டுனா அதே கேம், அதே செட்டிங், அவனுக்கு ஓடுறதுல பாதிதான் எனக்கு ஓடுது. டிரைவரை அழிச்சு மறுபடி போட்டேன், விண்டோஸை மறுபடி போட்டேன், கார்டைக் கழட்டி வேற ஸ்லாட்ல மாட்டுனேன், கடைசியில பவர் சப்ளைதான் வீக்கா இருக்கும்னு எவனோ சொன்னதைக் கேட்டு புதுசா ஒண்ணு வாங்கித் தொலைச்சேன். அதுக்கும் அப்பறம்தான் நண்பன் ரெண்டு மெஷின்லயும் ஜிபியூ-இசட்னு, கார்டுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற ஒரு சாஃப்ட்வேரை ஓட விட்டுப் பக்கத்துல பக்கத்துல வெச்சான். பேரு ஒண்ணு, சிப் ஒண்ணு, மெமரின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது மட்டும் வேற. அவனோடது கிராபிக்ஸ் மெமரி, என்னோடது சாதாரண கம்ப்யூட்டர் ரேம்ல போடுற அதே ஜாதி. சல்லிசா கிடைச்ச ரகசியம் அதான். டப்பாவுல ஒரு ஓரத்துல எழுதித்தான் இருந்துச்சு, நான்தான் படிக்கல. அதனால யார் மேலயும் கேஸ் போடவும் முடியாது.

என் கதையை விடுங்க, ஊர் அறிஞ்ச உதாரணமே ஏகப்பட்டது இருக்கு. என்விடியாவோட ஜிடி 1030 வந்தது 2017ல, ஜிடிடிஆர்5ங்கற கிராபிக்ஸ் மெமரியோட, நொடிக்கு 48ஜிபி பேண்ட்வித், அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல டேட்டா போற வேகம். அடுத்த வருஷம் சாதாரண ரேம் ஜாதியான டிடிஆர்4 போட்டு ஒண்ணு சத்தமில்லாம வந்துச்சு, அதுக்கும் பேரு ஜிடி 1030தான், பேண்ட்வித் 16.8. மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இதுல கொடுமை என்னன்னா ஜிடி 1030 எப்படின்னு தேடுனா 2017 ரிவ்யூதான் முதல்ல வந்து நிக்கும், அதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மை, ஆனா அது உங்க கையில இருக்கற கார்டைப் பத்தி இல்ல.

ஜிடிஎக்ஸ் 1060 இன்னொரு ரகம். 6ஜிபி, 3ஜிபின்னு ரெண்டு வந்துச்சு 2016ல. பாக்கறவன் என்ன நினைப்பான், மெமரி மட்டும்தான் பாதி, மத்ததெல்லாம் ஒண்ணுன்னு. இல்ல, கணக்குப் போடுற குட்டிக் குட்டி யூனிட்டுக்கு கோர்னு பேரு, அது 6ஜிபில 1280, 3ஜிபில 1152. வேற கார்டு, நியாயமா வேற பேரு வெச்சிருக்கணும். ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபியும் 8ஜிபியும் எடுத்துக்கோங்க, அங்க கோர் எண்ணிக்கை ஒண்ணுதான், ஆனா மெமரி பஸ், அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கற பாதையோட அகலம், 192 பிட்ல இருந்து 128 பிட்டுக்கு இறங்கிடுச்சு. 3080ல முதல்ல வந்ததைவிட 12ஜிபிக்கு கோரும் கூட, பஸ்ஸும் கூட. அதே 4060 டிஐ, 5060 டிஐல 8க்கும் 16க்கும் சிப் அச்சு அசல் ஒண்ணுதான், மெமரி மட்டும்தான் வித்தியாசம். அதாவது பேருக்குப் பின்னாடி வர்ற அந்த ஜிபி நம்பருக்கு ஒரு நிலையான அர்த்தமே கிடையாது, ஒரு தடவை மெமரி மட்டும், ஒரு தடவை பஸ், ஒரு தடவை கோர் எண்ணிக்கையே வேற, அந்தந்த நேரத்துக்கு அவங்க இஷ்டம்.

போட்டிக் கம்பெனி ஏஎம்டியோட ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 560ன்னு ஒண்ணு 1024 கோரோட வந்துச்சு, அப்பறம் அதே பேர்ல 896 கோரோடயும் வித்தாங்க. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பின்னு ஒண்ணு சுத்திச்சே, அசல் 580ல 2304 இருக்கும், 2048ங்கறது 570ஓட கணக்கு. கடைசியில இருக்கற அந்த 2048எஸ்பியை மட்டும் விழுங்கிட்டு 580ன்னு விக்கறவங்க இன்னமும் இருக்காங்க.

ஜனங்க கொதிச்சு எழுந்து இதுல ஒரே ஒரு தடவை ஜெயிச்சாங்க. 2022ல என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 16ஜிபி 1199 டாலர், 4080 12ஜிபி 899 டாலர்னு அறிவிச்சாங்க. முதலாவதுல 9728 கோர், 256 பிட் பஸ், ரெண்டாவதுல 7680 கோர், 192 பிட். 4080ன்னு பேரு வெச்சாத்தானே 899 கேக்க முடியும்! கிழிச்சுத் தொங்க விட்டதுல அக்டோபர் மாசம் அதை வாபஸ் வாங்கிட்டு, ஜனவரி 2023ல அதே சிப்பை 4070 டிஐன்னு பேரு மாத்தி 799 டாலருக்குக் கொண்டு வந்தாங்க. பேரு மாறுனதும் விலையில 100 டாலர் இறங்குச்சு, அப்ப அந்தப் பேருக்கு மட்டும் 100 டாலர்னு வெச்சுக்கலாம்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி நாலே நாலு பாருங்க: கோர் எண்ணிக்கை, மெமரி எந்த ஜாதி, எத்தனை ஜிபி, பஸ் எத்தனை பிட். பேண்ட்வித் போடலைன்னா நீங்களே போட்டுக்கலாம், பஸ் பிட்டை 8ஆல வகுத்து மெமரி ஸ்பீடால (ஜிபிபிஎஸ்னு போட்டிருக்கும், 3060க்கு அது 15) பெருக்குங்க. 3060 12ஜிபிக்கு 192ஐ 8ஆல வகுத்தா 24, பெருக்கல் 15, ஆக 360. 8ஜிபிக்கு 128ஐ வகுத்தா 16, பெருக்கல் 15, ஆக 240. பேரு ஒண்ணா இருந்தும் மூணுல ஒரு பங்கு எங்க போச்சுன்னு இப்ப தெரியுதா. அதே தலைமுறை கார்டுகளுக்குள்ள ஒப்பிட மட்டும் இதை வெச்சுக்கோங்க, புதுசுல கேஷ், அதாவது சிப்புக்குள்ளயே இருக்கற குட்டி மெமரியை, பெருசா வெச்சு பேண்ட்வித் குறைவைக் கொஞ்சம் சமாளிச்சிருப்பாங்க.

போன தலைமுறை 60ம் இந்தத் தலைமுறை 60ம் ஒரே இடம்னு நினைக்கறது

பேர்ல முதல்ல வர்ற எண் தலைமுறை, கடைசி ரெண்டு எண் அந்தத் தலைமுறையில எந்தப் படின்னு. முதல்ல வந்த 3060ல 12ஜிபி, 192 பிட். 4060ல 8ஜிபி, 128 பிட். நம்பர் ஏறிடுச்சு, மெமரி இறங்கிடுச்சு. வேகம் கூடத்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா இத்தனை வருஷம் கழிச்சு 60ன்னா இவ்வளவு ஏறணும்னு மனசுல ஒரு கணக்கு இருக்குமே, அந்த அளவுக்கு இல்ல. விலை ஏறுறது கண்ணுக்குத் தெரியும், ஒரு படி கீழ இருக்க வேண்டிய சிப் ஒரு படி மேல இருக்கற பேரைப் போட்டுட்டு வந்தா தெரியாது, ஆனா அதுவும் விலையேத்தம்தான்.

இது புதுப் பழக்கமும் இல்ல. 2002லயே ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, பேர்ல 4, உள்ள இருந்தது ஜிஃபோர்ஸ்2 பரம்பரை, ஜிஃபோர்ஸ்3ல இருந்த ஷேடர் வசதி (நிழல், ஒளியை கேம் பண்றவங்களே புரோகிராம் பண்ற வசதி) கூட அதுல கிடையாது.

லேப்டாப்லயும் அதே கார்டுதான்னு நினைக்கறது

இல்லவே இல்ல. டெஸ்க்டாப் 4090ல 16384 கோர், 24ஜிபி. லேப்டாப் 4090ல 9728 கோர், 16ஜிபி, அது டெஸ்க்டாப் 4080ஓட சிப். அதுலயும் ஒரே பேரு போட்ட ரெண்டு லேப்டாப்ல ஒண்ணு கார்டுக்கு குடுக்கற வாட்டுல பாதிகூட இன்னொண்ணு குடுக்காது, மெலிசா அழகா இருக்கறதுதான் பெரும்பாலும் அந்த இன்னொண்ணு. வாட் எத்தனைன்னு போடாத லேப்டாப்பை நான் தொடறதே இல்ல.

மேடையில சொன்னதை நம்பறது

2025 ஜனவரியில என்விடியா "5070ல 4090 பெர்ஃபார்மன்ஸ், 549 டாலர்"னு மேடையில சொன்னாங்க. ஒரு ஃபிரேம் வரைஞ்சு மூணு ஃபிரேமை ஏஐ வெச்சு நடுவுல நிரப்பிப் போட்ட கணக்கு அது.

அறிவிச்ச விலையிலயே கிடைக்கும்னு கையில இருந்ததை விக்கறது

2020 செப்டம்பர்ல 3080க்கு 699 டாலர்னு சொன்னப்ப உலகமே ஆடிப்போச்சு, பழைய 2080 டிஐ எல்லாம் பாதி விலைக்கு வித்தாங்க. நானும் சூட்டோட சூடா என் பழைய கார்டை வித்துட்டேன். அப்பறம் என்ன, கொரோனா, சிப் தட்டுப்பாடு, கிராபிக்ஸ் கார்டை வெச்சு எத்தீரியம்ங்கற கிரிப்டோ காசை உண்டாக்குற மைனிங்னு எல்லாம் ஒண்ணா வந்து சேந்துச்சு, 699ங்கறது பேப்பர்ல மட்டும்தான் இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல பிராசசரோட ஒட்டிப் பொறந்த கிராபிக்ஸை வெச்சு டெஸ்க்டாப் வால்பேப்பரைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங்கையே விட்டுட்டு வேற முறைக்கு மாறுச்சு, சரி இனி விலை பழையபடி வரும்னு நினைச்சா அதே மாசம்தான் 1199 டாலர் 4080 அறிவிப்பு. 2014ல வந்த 80 படி கார்டு 549 டாலர்தான், ஞாபகத்துக்கு சொல்றேன். அப்பறம் ஏஐ வந்து உக்காந்துகிச்சு, சிப் பண்ற ஃபேக்டரியும் மெமரி பண்றவங்களும் டேட்டா சென்டர்காரன் குடுக்கற காசைப் பாத்துட்டு நமக்கு எதுக்கு முன்னுரிமை குடுக்கப் போறான்.

அடுத்த மாசம் குறையும்னு காத்திருக்கறதைத் தப்புன்னு சொல்லல, காத்திருங்க, ஆனா பழைய கார்டு மெஷின்லயே இருக்கட்டும்.

மூணு ஃபேன், ஓசி எடிஷன் (ஓவர்கிளாக், அதாவது கம்பெனியிலயே வேகம் ஏத்துனது)

சத்தம் குறையும், சூடு குறையும். வேகம் ரெண்டு மூணு சதவீதம். அந்தக் காசுக்கு ஒரு படி மேல இருக்கற சிப்பே கிடைக்குதான்னு பாருங்க.

பழசு வாங்கறப்ப விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல பேரைப் பாத்து ஓகே சொல்றது

கார்டுக்குள்ள இருக்கற பயாஸ்ங்கற குட்டி சாஃப்ட்வேரை மாத்தி எழுதுனா ஜிடிஎக்ஸ் 550 டிஐ கூட 1050 டிஐன்னு பேரு காட்டும். ஜிபியூ-இசட் ஓட்டுங்க.

டப்பாவைப் பிரிச்சாலும் மாத்திக் குடுப்பாங்கன்னு நினைக்கறது

தம்பி கேட்டுப் பாத்துட்டான். கார்டுல கோளாறு இருந்தாத்தானாம்.