புது உடம்பு, பழைய வயிறு: இன்லைன் துப்பாக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய் வழியே மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி என்றதும் நமக்கு நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் இன்லைன் ரகமோ (பற்றவைக்கும் பொறி குழலுக்கு நேர் பின்னாலேயே இருப்பது) டெலஸ்கோப்பும் 209 ஷாட்கன் பிரைமருமாக (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) நவீன ரைஃபிள் போலவே இருக்கும். 1985இல் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 துப்பாக்கிக்குப் பிறகு பரவிய வடிவம் இது. தோற்றத்தை நம்பி ஏமாறுவதில்தான் பாதிச் சிக்கல்.

உயிருக்கே உலை வைப்பது, இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போடுவது. குழல் வெடித்துவிடும். கரிமருந்தோ மாற்று மருந்தோ, கையேட்டில் இருப்பதை மட்டும் போடுங்கள். அளப்பதும் தராசில் அல்ல, அளவுக் குவளையில். பிளாக்ஹார்ன் 209 என்கிற மாற்று மருந்தில் குவளைக் கணக்கு 100 கிரெயின் (மருந்தை அளக்கும் அலகு) என்றால் எடை சுமார் 70தான். தராசில் 100 நிறுத்துப் போட்டால் என்ன ஆகும், நீங்களே பாருங்கள்.

குண்டு மருந்தின்மேல் போய் உட்காராமல் பாதியில் நின்றாலும் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். முதல் சூட்டின் கசடு அடுத்த குண்டை இறுக்கிப் பிடிப்பதால்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. நடுவே ஒரு ஈரத்துணி விட்டுத் துடைத்தால் போதும். கிட்டிக்கும் கம்பியில் காலிக் குழலுக்கு ஒரு கோடு, சரியாகக் கிட்டித்த குழலுக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். மறதியாக இரண்டு முறை கிட்டித்திருந்தால் அதையும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

சுட்டும் வெடிக்கவில்லையா? ஒரு நிமிடமாவது குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே இருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பல நேரம் காரணம், துடைத்தபோது பொறித்துளையில் தங்கிய எண்ணெய். கிட்டிப்பதற்கு முன் காலிக் குழலில் ஒரு பிரைமரை மட்டும் வெடித்தால் அது எரிந்துபோகும்.

அப்புறம், "நாளைக்குத் துடைக்கலாம்" என்கிற சோம்பல். பைரோடெக்ஸ் என்கிற மாற்று மருந்தின் கசடு உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் குழலும் தப்பாது. பைரோடெக்ஸ் கசடைத் துடைக்கச் சுடுநீரும் சோப்பும் போதும். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் உதவாது, கரைப்பான்தான் வேண்டும். குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு பிரீச் பிளக்கையும் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகு) கழற்றுங்கள். மாட்டும்போது மரைகளில் கிரீஸ் தடவுங்கள். சீசன் முழுக்கக் கழற்றாமல் விட்டுவிட்டு, பிறகு ரெஞ்சோடு மல்லுக்கட்டித் தோற்று மெக்கானிக்கைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர்.