ஒரு கப், ஒரு தெர்மாமீட்டர்: உப்பு கரையும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை அளப்பது எப்படி?

வேதியியலில் வெப்பம் என்ற பாடத்தைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்றுதான். தண்ணீர் குளிர்ந்தால் 'வெப்பம் வெளியே போய்விட்டது, எனவே இது வெப்ப உமிழ் வினை' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கரையும் உப்புதான் நம் அமைப்பு. தண்ணீரும் அதற்குள் நிற்கும் தெர்மாமீட்டரும் சூழல். தெர்மாமீட்டர் காட்டுவது சூழலின் நிலையை மட்டுமே. சூழல் குளிர்ந்தால், அதன் வெப்பத்தை அமைப்பு எடுத்துக்கொண்டது என்று பொருள். ஆகவே அது வெப்பம் கொள் மாற்றம். என்தால்பி மாற்றத்துக்கு (மாறாத அழுத்தத்தில் அமைப்பு கொள்ளும் அல்லது வெளிவிடும் வெப்பத்துக்கு) நேர்க்குறி. இதைக் கையால் செய்து பார்த்தால் பிறகு குறி தவறாது.

தேவையானவை

பொட்டாசியம் குளோரைடு 7.46 கிராம் (மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு; ஒரு மோலின் நிறை, அதாவது மோலார் நிறை, 74.6 கிராம் என்பதால் இது 0.1 மோல்), தண்ணீர் 100 மில்லி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தெர்மாகோல் கப்புகள், துளையிட்ட மூடி, 0.1 அல்லது 0.2 டிகிரி பிரிவுகள் உள்ள தெர்மாமீட்டர், தராசு, கடிகாரம்.

கண்ணாடி பீக்கர் வேண்டாம். கண்ணாடி தன் வெப்பத்தையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். தெர்மாகோல் அப்படிச் செய்வது மிகக் குறைவு. ஒரு டிகிரி பிரிவுகள் மட்டுமே உள்ள தெர்மாமீட்டரும் உதவாது. நாம் அளக்கப்போவதே சுமார் 4 டிகிரி. அதில் அரை டிகிரி பிழைத்தால் விடையில் 12 சதவீதம் போய்விடும்.

செய்முறை

1. உப்பில் கட்டிகள் இருந்தால் பொடியாக்குங்கள். ஈரம் பட்ட உப்பு என்றால் உலர்த்திவிட்டுப் பிறகு எடை போடுங்கள். இல்லையேல் தண்ணீரின் எடையையும் உப்பாகக் கணக்கில் சேர்ப்பீர்கள்.

2. கப்பில் தண்ணீரை ஊற்றி மூடுங்கள். தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டரின் குமிழ் அடியைத் தொடக்கூடாது.

3. முதல் 3 நிமிடங்களுக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள்.

4. 4-ஆவது நிமிடத்தில் உப்பு முழுவதையும் ஒரே தடவையில் போட்டு, மூடி, விடாமல் கலக்குங்கள். அந்த நிமிடத்தில் அளவு எடுக்க வேண்டாம்.

5. அதன்பின் 10-ஆவது நிமிடம் வரை, கலக்கிக்கொண்டே, மீண்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்.

இப்போது வரைபடம். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, கண்ணில் பட்ட மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்துக்கொள்கிறார்கள். உப்பு கரைய நேரம் எடுக்கிறது. அதற்குள் வெளிக்காற்றின் வெப்பம் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். எனவே நீங்கள் காணும் தாழ்நிலை, உண்மையான தாழ்நிலையைவிடச் சற்று உயர்வாகவே இருக்கும். இறங்கிய பின் மெல்ல ஏறும் புள்ளிகள் வழியே நேர்கோடு வரைந்து, அதை 4-ஆவது நிமிடம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். தொடக்கப் புள்ளிகளின் கோட்டை முன்னோக்கி நீட்டுங்கள். 4-ஆவது நிமிடத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வெப்பநிலை மாற்றம்.

கணக்கு

எடுத்துக்காட்டாக, 27.0 டிகிரியிலிருந்து 23.0 டிகிரிக்கு இறங்கியது என்போம்.

வெப்பம் = நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்; தண்ணீருக்கு 4.18 ஜூல்) × வெப்பநிலை மாற்றம்

100 கிராம் × 4.18 × 4.0 = 1672 ஜூல்

தண்ணீர் இழந்த 1672 ஜூலை 0.1 மோல் உப்பு பெற்றது. ஒரு மோலுக்கு +16.7 கிலோஜூல். ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் +17.2, கப்பும் தெர்மாமீட்டரும் கொடுத்த வெப்பத்தை நாம் கணக்கில் சேர்க்காததால் விடை சற்றுக் குறையும்.

நிறையில் உப்பையும் சேர்த்து 107.46 என்று போடலாமா? இங்கே வேண்டாம். உப்புக் கரைசலின் தன்வெப்ப ஏற்புத்திறன் 4.18-ஐவிடக் குறைவு. நிறையை மட்டும் கூட்டிவிட்டு 4.18-ஐ அப்படியே வைத்தால் விடை தேவைக்கு மேல் பெரிதாகும்.

ஏன் குளிர்கிறது?

பிணைப்பையோ ஈர்ப்பையோ முறிக்க எப்போதும் ஆற்றல் தேவை. உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். 'பிணைப்பு முறிந்தால் ஆற்றல் வெளியாகும்' என்பது பரவலான தவறு. பொட்டாசியம் குளோரைடின் படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 700 கிலோஜூல் தேவை. அந்த அயனிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழும்போது ஏறக்குறைய அதே அளவு திரும்பக் கிடைக்கிறது, ஆனால் 17 கிலோஜூல் குறைவாக. அந்தப் பற்றாக்குறையைத் தண்ணீர் தன் வெப்பத்திலிருந்து ஈடுசெய்கிறது. இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் ஒரு கப்பை வைத்து அளந்துவிட்டோம்!

அடுத்து, சூடாகும் வினை

கண் காப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். கலந்தால் சுமார் 6.5 டிகிரி ஏறும். உருவாகும் தண்ணீர் 0.05 மோல், ஒரு மோலுக்கு ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் −57 கிலோஜூல், எதிர்க்குறியுடன்.

இரண்டையும் 100 மில்லியாக்கி மீண்டும் செய்யுங்கள். வெளிப்படும் வெப்பம் இரு மடங்கு. சூடாக வேண்டிய கரைசலும் இரு மடங்கு. தெர்மாமீட்டர் அதே 6.5 டிகிரியை ஒட்டித்தான் ஏறும்.