மாரியில் ஊருக்குப் போகிறீர்களா? கூழ் காய்ச்சச் சொல்லுங்கள்

டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணம் போகிற எங்கட ஆட்கள் வெயிலை நினைத்துப் பெட்டி கட்டுகிறார்கள், அங்கே அப்போது மாரி. கனடாக் குளிரில் இருந்தவருக்கு 23 பாகை ஒன்றுமில்லைதான், ஆனாலும் நாள் முழுக்க மழை பெய்து உடுப்பும் காயாமல் கிடக்கும்போது வாய் சூடாக ஏதாவது கேட்கும். உடனே கொத்துரொட்டிக் கடைக்கு ஓடாதீர்கள். நிற்கிற வீட்டிலேயே கேளுங்கள்.

முதலில் ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கடைசியாக முருங்கையிலை, எல்லாம் ஒரே பானையில். பெரியம்மாவைக் குந்தவைத்துச் சமைக்கவிடாமல் நண்டு உடைக்கவாவது கூட இருங்கள். போனமுறை எனக்கு மா கரைக்கிற வேலை தந்தார்கள், ஊறவிட்டு மேல்தண்ணீரை வடிக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படியே கரைத்து ஊற்றிவிட்டேன். பானை முழுக்கக் கைப்பு. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் பழப்புளி விட்டார், அவ்வளவுதான், ஆனால் ஒருவரும் இரண்டாந்தரம் கேட்கவில்லை. மா கையிலே வந்தால் ஒரு மணித்தியாலமாவது ஊறவிடுங்கள். செத்தல் மிளகாய் அரைத்துப் போடுவதால் உறைக்கும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாக வார்த்துக் கொடுங்கள்.

கேட்பதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். பிள்ளையார் கதை விரதம் 21 நாள், பிறகு திருவெம்பாவை என்று பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்ச மாட்டார்கள், அந்த நேரம் நண்டோடு போய் நின்றால் சங்கடம். மரக்கறிக் கூழும் நல்லாத்தான் இருக்கும்.

மழைக்கு வேலியெல்லாம் முசுட்டைக் கொடி படர்ந்திருக்கும், அதன் இலையைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளில் வல்லாரை, பொன்னாங்காணி பிடிபிடியாகக் கிடைக்கும், காலமை போங்கள். இரவுக்குக் குரக்கன் பிட்டும் சொதியும். தடிமன் பிடித்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர், கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. சீனி வருத்தம் உள்ளவர்கள் பனங்கட்டி நல்லதுதானே என்று ஏமாறவேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

தண்ணீர் கொதித்தாறினதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், மாரியில் கிணறு நிரம்பி வெள்ளமும் உள்ளே போகும். நுளம்புக்குப் பூச மருந்தும் வேண்டும், டெங்கு கூடுகிற மாதங்கள் இவை.

திரும்பும்போது ஒடியல் மா வாங்குவீர்கள். பனங்கிழங்கு கிண்டுவதே மார்கழி, தையில்தான், அதைக் கிழித்து வெயிலில் காயவைத்துத்தான் ஒடியல், அதனால் டிசம்பரில் கடையில் இருப்பது பெரும்பாலும் போன வருசத்து மா. பையைத் திறந்து மணந்து பாருங்கள். பூஞ்சண மணம் என்றால் விட்டுவிட்டு, தை கழிந்து வருகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.