எட்டுத் துண்டுப் பட்டில் ஒன்று
'பாதுவான்ஜின்' என்பது மூச்சோடு இணைந்த ஒரு சீன உடற்பயிற்சி; சீன மொழியில் எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். பெயருக்கேற்ப எட்டே அசைவுகள். முதல் வாரம் ஒன்றை மட்டும் பழகுங்கள். எட்டையும் ஒரே நாளில் விழுங்கப் பார்த்த நான் மூச்சுவிடவே மறந்துபோனேன்.

முதலாவது, வானைத் தாங்குதல். பாதங்களைத் தோளளவு விலக்கி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி நில்லுங்கள். அடிவயிற்றின் முன் விரல்களைக் கோத்து, மூக்கால் மூச்சை இழுத்தபடி கைகளை மார்புவரை உயர்த்துங்கள். அங்கே உள்ளங்கைகளைப் புரட்டி மேல்நோக்கித் தள்ளுங்கள். தோள் காதருகே ஏறினால் தவறு. எனக்கு இன்னமும் ஏறுகிறது. ஒரு கணம் நின்று, கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் இறக்கியபடி மூச்சை விடுங்கள். ஆறு முறை. மூச்சுக்கும் கைக்கும் ஒத்துப்போகவில்லையா? கையின் வேகத்தை மாற்றுங்கள், மூச்சை நெருக்காதீர்கள்.

எட்டாவது எனக்குப் பிரியமானது: குதிகால்களை உயர்த்தித் 'தொப்'பென்று இறக்குவது, ஏழு முறை. எலும்பு பலவீனமானவர்கள் மெதுவாக இறக்கட்டும்.

மாத்திரைகளை இதை நம்பி நிறுத்தாதீர்கள். இதன் உறவான தைச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, பார்க்கின்சன் நோயாளிகள் தடுமாறி விழுவதைக் குறைத்ததாக 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. என் லாபம் சிறியது: இப்போது சுவரைப் பிடிக்காமல் நின்றபடியே காலுறை மாட்டுகிறேன்.