ஷ்லைஸ்ஹைம் அரண்மனை: எதை முதலில் பார்ப்பது?

மியூனிக் பக்கத்து ஷ்லைஸ்ஹைமுக்குப் போனால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விமான அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள்; அக்டோபர் முதல் மார்ச் வரை அரண்மனையை முதலில் முடியுங்கள்.

காரணம் மூடும் நேரம்தான். அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் காலை 9 முதல் மாலை 5 வரை. அரண்மனைகளோ கோடையில் 6 மணி வரை, குளிர்காலத்தில் 10 முதல் 4 வரை மட்டுமே. இப்படிப் பருவத்துக்கேற்ப வரிசையை மாற்றினால் கூடுதலாக ஒரு மணி நேரம் கையில் நிற்கும். அருங்காட்சியகத்தில் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம், ஐரோப்பா ராக்கெட், மேலிருந்து பார்க்கக்கூடிய பழுதுபார்ப்புப் பட்டறை எல்லாம் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

பலரும் கணக்கில் விடுவது தோட்டத்தின் நீளத்தை. புதிய அரண்மனையிலிருந்து கால்வாயோரமாகக் கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் லுஸ்ட்ஹைம் மாளிகையும் அங்குள்ள மைசன் நகரத்துப் பீங்கான்களும். திரும்பவும் அதே நடை. அந்த மாளிகைக்கும் அதே மூடும் நேரம் என்பதால், குளிர்காலத்தில் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

பழைய அரண்மனை, புதிய அரண்மனை, லுஸ்ட்ஹைம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. அது விமான அருங்காட்சியகத்தில் செல்லாது. அருங்காட்சியகத்தை நடத்துவது மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம், டிக்கெட் தனி.

திங்கட்கிழமை இந்தக் கணக்கு உதவாது: அரண்மனைகளுக்கு விடுமுறை, விமானங்களும் தோட்டமும்தான் மிச்சம். எஸ்-1 புறநகர் ரயிலில் ஓபர்ஷ்லைஸ்ஹைமில் இறங்கிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வருபவர்களுக்கும் அதே ரயில்தான், மாற வேண்டாம்.