பல்கலைக்கழக அறக்கட்டளை விருது: செயலாளராக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைநிற்கும் முன்னாள் மாணவர் அறக்கட்டளையின் செயலாளர், சம்பளம் கிடையாது. வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம் கட்டுவதுதான் எங்கள் வேலை. ஆண்டுக்கொரு முறை கொடையாளர்களையும் பொதுவாழ்வில் நல்ல பெயர் எடுத்தவர்களையும் அழைத்து விருது கொடுக்கிறோம். இதைத் தொடங்க நினைக்கும் வெளியூர்க்காரர்கள் போனில் முதலில் விசாரிப்பது மண்டபம், ஷீல்டு, சாப்பாடு. அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விருதுக்கு ஆள் தேர்வு செய்கிறவர்களும் நன்கொடை வசூலிக்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருக்கக்கூடாது. முதலில் இதைத் தீர்மானமாகப் போட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

ஒரு தொழிலதிபரின் மேலாளர் எனக்குப் போன் செய்து, "மேடம், எங்க சாருக்கு இந்த வருஷம் அவார்டு குடுத்தா எவ்வளவு எதிர்பார்ப்பீங்க?" என்று கத்தரிக்காய் விலை கேட்பதுபோலக் கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. பல இடங்களில் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். "நன்கொடைக்கு ரசீது உண்டு சார், விருதுக்கு விலைப்பட்டியல் கிடையாது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் குழம்பினார், அவ்வளவுதான்.

விருதுக்கு ஆள் தேர்வு செய்யும் எங்கள் குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் அறக்கட்டளைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். பொருளாளருக்கு இடமில்லை. அறங்காவலரோ அவர் சொந்தக்காரரோ பட்டியலில் வரக்கூடாது. நடப்பு நிதியாண்டில் பெரிய தொகை கொடுத்தவர் பெயரை அந்த ஆண்டு எடுப்பதில்லை. இந்தக் கடைசி விதியைக் கேட்டு முகம் சுளித்து ஓர் உதாரணம் சொல்வார்கள். மதுரை கொடிக்குளம் ஆயி அம்மாள் என்கிற பூரணம், 2024 ஜனவரியில் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். அந்தக் குடியரசு தினத்திலேயே முதல்வரின் சிறப்பு விருது கிடைத்தது. அது சரிதானே என்பார்கள். சரிதான். இறந்துபோன மகள் பெயர் நிலைக்கட்டும் என்று கொடுத்தவர் அவர். விருதைப் பேசிக்கொண்டு கொடுக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். நம் மேடையில் ஏறுகிறவரைப் பற்றி ஊர் அப்படி நினைக்கும் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. ஓராண்டு பொறுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

முந்திக்கொண்டு விருது கொடுத்தால் பணம் வராதே என்ற பயமும் தேவையில்லை. சென்னை ஐஐடி, கிருஷ்ணா சிவுகுலாவுக்குச் சிறந்த முன்னாள் மாணவர் விருது கொடுத்தது 2015இல். அவர் 228 கோடி ரூபாய் கொடுத்தது 2024இல். அந்த விருதால்தான் பணம் வந்தது என்று சொல்லமாட்டேன். மதிப்பவர்களை மனிதர்கள் மறப்பதில்லை என்று மட்டும் சொல்வேன்.

கொடையாளர் என்றால் பணக்காரர் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் தன் சம்பளத்தையே தானமாகக் கொடுத்துவந்தவர்; பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது 2023இல்தான். உங்கள் பல்கலைக்கழக வாசலிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம்.

எங்களுக்கு இருந்தார். விடுதிக்கு எதிர்த்தெருவில் மெஸ் நடத்திய ஒரு அம்மா. வீட்டிலிருந்து பணம் வராத மாதங்களில் பிள்ளைகளுக்குக் கடனுக்குச் சோறு போட்டவர். அவர் பெயரை முன்மொழிந்தவர் இன்று வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒரு பழைய மாணவர். தகுதியுரை எழுத விவரம் கேட்டுப் போனேன். அந்த அம்மா ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். அட்டையில் எண்ணெய்க் கறை. பெயர், அறை எண், எத்தனை சாப்பாடு. கொடுத்தவர்கள் பெயர்மேல் ஒரு கோடு. கோடு போடாத பெயர்கள் நிறைய. "இவங்கெல்லாம்?" என்றேன். "வேலை கிடைச்சிருக்காது" என்றார். தகுதியுரையில் நான் எழுதியதெல்லாம் அந்த நோட்டும் அந்தப் பதிலும்தான்.

தகுதியுரை எழுதும்போது இதை ஞாபகம் வையுங்கள். கல்வி வள்ளல், கொடைக்கடல், வாழும் பாரி போன்றவற்றை அடித்துவிடுங்கள். அந்த வரியை யார் பெயருக்கு வேண்டுமானாலும் மாட்டலாம். எந்த ஊரில், எந்த ஆண்டு, யாருக்கு, என்ன செய்தார்? இதற்குப் பதில் இருந்தால் ஒரு பக்கம் தானாக நிரம்பும். இல்லையென்றால் குழு தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று அர்த்தம். எழுதியதை விருதாளரிடமே காட்டுங்கள். பெயரை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தலைப்பெழுத்து தமிழிலா ஆங்கில ஒலியிலா, 'முனைவர்' வேண்டுமா, தந்தை பெயரா கணவர் பெயரா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஷீல்டில் பொறித்த பிறகு மாற்ற முடியாது.

விருதின் பெயரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அறக்கட்டளை 'கௌரவ டாக்டர்' கொடுக்க முடியாது. பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்குத்தான் என்று 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் சொல்கிறது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்கு 'கௌரவ டாக்டர்' கொடுத்தது. பிறகு பல்கலைக்கழகம் தனக்குச் சம்பந்தமில்லை என்று போலீசுக்குப் போனது. வாங்கியவர்களுக்குத்தான் தலைகுனிவு. நீங்கள் பல்கலைக்கழக முத்திரையை அழைப்பிதழில் போடுவதற்கும் பதிவாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது. பதிவாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பொதுவாழ்வில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில், பணியில் இருக்கும் ஆட்சியர், காவல் அதிகாரி என்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். நடத்தை விதிகளில் இருக்கிறது. அந்தக் கடிதம் வரும்வரை அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள். அரசியல்வாதிகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், பதவியில் இல்லாதபோது கொடுங்கள் என்பேன். பதவியில் இருப்பவருக்குக் கொடுத்தால் அது விருதா மனுவா என்ற சந்தேகம் எனக்கே வரும்.

பணக் கணக்கு: கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீதில் விருதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், நிலம், கம்ப்யூட்டர் என்று பொருளாகக் கொடுத்தாலும் அந்தச் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வேண்டாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் இன்னும் இந்தியக் குடிமகன், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டால் ஆகும். அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் வெளிநாட்டுக்காரர் கணக்கில்தான் வருவார். இதில் தடுமாறுகிறவர்கள் அதிகம்.

விழா அன்றைக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வாழ்த்துரை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஆள் முதல் ஆள் சொன்னதையே சொல்வார். பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு, வீட்டில் உபயோகப்படும். தகுதியுரையை உதவித்தொகை வாங்கும் ஒரு மாணவி படிக்கட்டும், துணைவேந்தர் வேண்டாம். ஏற்புரைக்கு நேரம் கறாராக வைக்காதீர்கள். மெஸ் அம்மா "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். வேறொரு வருடம் ஒருவர் பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

விழா முடிந்த பத்து நாளுக்குள் அச்சிட்ட படங்களை விருதாளர் வீட்டுக்கு அனுப்புங்கள், வாட்ஸ்அப்போடு விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் விழாச் செலவையும் அந்த ஆண்டு உதவித்தொகையாகக் கொடுத்ததையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விழாச் செலவு கண்ணை உறுத்தினால் அடுத்த வருடம் மண்டபம் வேண்டாம். ஏதாவது ஒரு துறையின் கருத்தரங்க அறை, டீ, மெதுவடை போதும்.